எது மேலானது என்று கேட்டார்கள்

துமாரைச் சிறப்புப் பள்ளிக்கு எடுத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்த அன்று, அவள் அப்பா, என் கொழுந்தன் எசென்குல், மந்தையில் கொழுத்த ஆடாகப் பார்த்து அறுத்தான். செய்தி கொண்டுவந்தவர் எங்கள் அரசுப் பண்ணை அலுவலகத்து எழுத்தர். குதிரையை விட்டு இறங்கும் முன்பே, "நல்ல சேதி சொன்னா என்ன குடுப்பே?" என்று கேட்டார். அப்படிக் கேட்டால் கொடுத்தாக வேண்டும், அது எங்கள் வழக்கம். எசென்குல் தலையில் இருந்த புதுக் கம்பளிக் குல்லாவையே கழற்றிக் கொடுத்துவிட்டான். அந்தப் பள்ளி எப்படிப்பட்டது என்று எழுத்தருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் குல்லாவை வாங்கியிருக்க மாட்டார். ஆள் அவ்வளவு மோசமில்லை.

எங்கள் மலையில் சிறப்பு என்றால் சிறப்புதான். எங்கள் கிர்கிஸ் நாட்டுத் தலைநகர் ஃப்ரூன்ஸேயில் கணக்கில் புலியான பிள்ளைகளுக்கு ஒரு சிறப்புப் பள்ளி, பாட்டுக்கு ஒன்று, அந்நிய மொழிக்கு ஒன்று என்று வானொலியில் கேட்டிருக்கிறோம். அரசாங்கமே சாப்பாடு போட்டு, துணி கொடுத்து, தங்க இடமும் கொடுத்து ஒரு இடையன் மகளைக் கூப்பிடுகிறது என்றால் வேறு என்ன நினைப்பது? கல்யாணத்துக்கு முன் ஃப்ரூன்ஸேயில் துணி ஆலையில் வேலை பார்த்தவள் நான். ரஷ்ய மொழி பேசுவேன். பண்ணைக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரையே எடை போடுகிறவள் என்று எனக்குப் பெயர். எனக்கே உறைக்கவில்லை.

தவிரவும், துமாரைத் தெரிந்த யாருக்கும் அது ஆச்சரியமாகவே படவில்லை. ஏழு வயது வாயாடி. என் கடையில் சர்க்கரை நிறுக்கும்போது பக்கத்தில் நின்று, "பெரியம்மா, இந்த மாமாவுக்கு மட்டும் போன தடவை சாக்கோட சேர்த்து நிறுத்தியே" என்று எல்லார் முன்னாலும் போட்டு உடைப்பாள். வளையில் கிடக்கும் மலை மர்மோட் மட்டும் குளிர்காலம் முழுக்கத் தூங்குகிறதே, நாய் ஏன் தூங்கவில்லை, நாய்க்குத் தூக்கம் வராதா, இல்லை யாரும் விடமாட்டார்களா என்று கேட்டு, பதில் தெரியாத கிழவர்களை ஓடவிடுவாள். அவளைப் பெற்ற என் ஓரகத்தி காலிபா அதிர்ந்து பேசாதவள். "என் பங்குப் பேச்சையும் சேர்த்துக்கிட்டு பொறந்துட்டா" என்பாள்.

அந்த மே மாதம் நாரின் நகரிலிருந்து ஒரு குழு வேனில் வந்து இறங்கியிருந்தது. இலையுதிர் காலத்தில் முதல் வகுப்பில் சேரவிருக்கும் பிள்ளைகளின் அறிவை அளக்க வந்தவர்கள். நினா அர்காத்யெவ்னா என்ற உளவியல்காரி, ஒரு மருத்துவர், கூடவே ரஷ்ய மொழியில் கேட்பதை எங்கள் மொழியில் திருப்பிச் சொல்ல நகரத்துக் கிர்கிஸ் பெண் குல்பாரா. பிள்ளைகளை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுப் படங்களைக் காட்டினார்கள். துமார் முகமெல்லாம் சிரிப்பாக வெளியே ஓடி வந்தாள். "அம்மா, கேட்ட எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டேன்" என்றாள். எங்கள் வீட்டில் அன்று யாரும் கவலைப்படவில்லை.

விருந்து நாளில் எசென்குல் நிலைகொள்ளாமல் திரிந்தான். கூடாரத்துக்குள் குனிந்து வந்த ஒவ்வொருவரிடமும் மகளை முன்னால் தள்ளி, "எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னா. அதான் கூட்டிட்டுப் போறாங்க" என்றான். பெரியவர்கள் கைகளை விரித்து வாழ்த்தினார்கள், அவள் நெற்றியை முகர்ந்தார்கள், பதில் சொன்ன வாய்க்கு என்று மாவுருண்டையும் வெண்ணெயும் ஊட்டினார்கள். முதலில் அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பள்ளி கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறது, அங்கேயே தங்க வேண்டும், அம்மா கூட வரமாட்டாள் என்று யாரோ சொன்ன பிறகு பேச்சு நின்றுவிட்டது. ஆகஸ்டு முடியும்போது பண்ணை லாரியில் ஏற்றினோம். காலிபாவின் பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று கத்தினாள். எசென்குல் ஒவ்வொரு விரலாகப் பிரித்தான்.

"நல்லா பதில் சொல்ற பிள்ளைங்களத்தான் கூட்டிட்டுப் போவாங்க, தங்கம். நீ சொன்ன பதிலுக்குத்தான் இவ்வளவும்" என்றான்.

நவம்பர் விடுமுறைக்கு அவளை அழைத்துவர அவன்தான் போனான். வேகவைத்த கறியும் காய்ந்த தயிருருண்டையும் மூட்டை கட்டிக்கொண்டு, புது பூட்ஸ் போட்டுக்கொண்டு போனான். முகவரி சரியாக இருந்தும் தப்பான கட்டடத்துக்கு வந்துவிட்டதாகவே முதலில் நினைத்தானாம். முற்றத்தில் பெரிய பையன் ஒருவன் சுவரோடு தலையை முட்டிக்கொண்டிருந்தான். ஒரு பெண் பிள்ளை எச்சில் வழிய இவன் மூட்டையை முகர்ந்து பார்த்தது. வாசலில் இருந்த காவல்காரரிடம், "கெட்டிக்காரப் பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடம் எந்தப் பக்கம்?" என்று கேட்டிருக்கிறான். அந்த மனிதர் சிரிக்கவில்லை. எழுந்து இவனுக்கு உட்கார இடம் கொடுத்தாராம். அது அறிவு வளராத பிள்ளைகளின் பள்ளி என்று அப்போதுதான் தனக்கு விளங்கியதாகப் பிறகு ஒருநாள் என் கணவரிடம் சொல்லி அழுதான்.

வீடு வந்தவன் நேரே மந்தைக்குப் போய்விட்டான். துமார் வந்து நின்ற விதத்திலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டாள். சொந்த வீட்டில், சொந்தக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "குடிக்கலாமா?" என்று. காலிபா முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெளியே போனாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

ஊருக்கு விஷயம் தெரிய ஒரு நாள் போதாதா? விருந்தில் எலும்பைக்கூட விடாமல் சூப்பிய கறவைக்காரன் ஒருவன் கடைக்கு வந்து, "உங்க வீட்டு மேதை பட்டம் வாங்கி வந்தா இன்னொரு ஆடு உண்டா?" என்று கேட்டான். "உனக்கென்ன, நீ படம் பார்க்காமலே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம்" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து நான் அழுதேன்.

இனி அனுப்புவதில்லை என்று முடிவு செய்து, எசென்குல் மகளை எங்கள் ஊர்ப் பள்ளிக்கே கூட்டிக்கொண்டு போனான். தலைமை ஆசிரியர் நல்லவர், எங்களுக்குத் தூரத்து உறவும்கூட. ஆனால் குழுவின் தீர்ப்பு இருக்கும்போது வகுப்பில் உட்காரவைத்தால் தன் வேலை போய்விடும் என்றார். வீட்டிலேயே வைத்துக்கொண்டால் பிள்ளையைப் படிக்கவிடாத குற்றத்துக்குப் பண்ணை இயக்குநரே போலீஸை அனுப்பவேண்டி வரும் என்றும் சொன்னார். குழு தீர்ப்பை மாற்றினால் மறுநாளே சேர்த்துக்கொள்கிறேன் என்று கையடித்துச் சொன்னார். ஆக, எல்லாமே அந்தக் குழுவின் வாயில் இருந்தது.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் கடையில் துமாரை என் பக்கத்தில் உட்காரவைத்து, மிட்டாய் கொடுத்து, உள்ளே என்னதான் கேட்டார்கள் என்று மெல்ல விசாரித்தேன். ஒரு அட்டையில் நாலு படம் இருந்ததாம். எது ஆர்த்திக் என்று கேட்டார்களாம்.

"நீ என்ன சொன்னே?"

"ஆடு, மாடு, குதிரை, ஒரு காக்கா இருந்துச்சு. குதிரைன்னேன்."

"ஏன்டி குதிரை?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பழைய துமாரின் பார்வை. "குதிரைய விட ஆர்த்திக் எது பெரியம்மா? காக்காவா?" என்றாள்.

ஆர்த்திக் என்ற சொல்லுக்கு எங்கள் மொழியில் இரண்டு முகம். தேவைக்கு மேற்பட்டது, கூட்டத்தில் சேராமல் மிஞ்சி நிற்பது என்றும் பொருள். எல்லாவற்றுக்கும் மேலானது என்றும் பொருள். ரஷ்ய மொழியில் படித்து, ரஷ்ய மொழியில் யோசிக்கப் பழகிய குல்பாராவுக்கு முதல் முகம் மட்டும் தெரிந்திருக்கிறது. கம்பளிக் கூடாரத்தில் பிறந்து, இந்த ஆர்த்திக் குதிரை, அந்த ஆர்த்திக் வீரன் என்றே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இரண்டாவது. நாலில் எது சேராதது என்று அவர்கள் கேட்க, நாலில் எது மேலானது என்று இவள் யோசித்து யோசித்துச் சொல்லியிருக்கிறாள். வேன், பஸ், லாரி, ஆப்பிள் என்று ஒரு அட்டை. லாரி என்றாளாம், அப்பாவின் மந்தையை மேய்ச்சலுக்கு ஏற்றிப் போவது அதுதானே. தேநீர்க் குடுவை, கிண்ணம், கரண்டி, ரொட்டி என்று ஒன்று. ரொட்டி என்றாளாம். அந்த ஒன்று மட்டும் சரியான விடையாகிவிட்டது. ரொட்டிக்கு மேல் உலகத்தில் என்ன இருக்கிறது என்று நினைத்துத்தான் அதையும் சொன்னாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவளுடைய ஒட்ட வெட்டிய தலையைப் பார்த்தேன். ஒரு சொல். ஒரே ஒரு சொல்லுக்காக இந்தப் பிள்ளை தலைமுடி இல்லாமல், தண்ணீருக்கு அனுமதி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

விடுமுறை முடிந்து அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டோம். பனி உருகிப் பாதை திறந்ததும் காலிபாவை இழுத்துக்கொண்டு நாரினுக்குப் போனேன். நினா அர்காத்யெவ்னாவைக் கடித்துக் குதறிவிடுவது என்ற எண்ணத்தோடுதான் போனேன். பார்த்தால் வெளிறிப்போன, களைத்த பெண்மணி, கம்பளிச் சால்வையோடு உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னதை ஒருமுறை கேட்டாள், குல்பாராவைக் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னாள். குல்பாராவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "எங்க வீட்ல அந்த அர்த்தத்துல யாரும் பேசமாட்டாங்க அக்கா" என்று என்னிடம் எங்கள் மொழியில் முணுமுணுத்தாள்.

நினா கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். தப்பு நடந்திருக்கலாம், ஆனால் தீர்ப்பை அவள் ஒருத்தியால் மாற்ற முடியாது, மே மாதம் குழு கூடும்போது துமாரை மறுபடி பார்க்கலாம் என்று உறுதி சொன்னாள். இந்தத் தடவை எது இவற்றோடு சேராதது என்று தெளிவாகக் கேட்கவைப்பேன், நீயும் அறையில் உட்காரலாம், ஆனால் வாய் திறக்கக்கூடாது என்றாள். பிறகு எங்களை மறந்துவிட்டு குல்பாராவைப் பார்த்துக் கேட்டாள்.

"மலை ஊர்கள்ல எத்தனை பிள்ளைங்ககிட்ட இப்படிக் கேட்டோம்?"

குல்பாரா விரல்விட்டு எண்ண ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். கடிக்கப் போனவள் நான், அந்த இரண்டு பேரையும் பார்த்துவிட்டு எழுந்து வந்தேன்.

அதற்குப் பிறகு காலிபாவைப் பார்க்க வேண்டுமே. அதிர்ந்து பேசாதவள் வழியெல்லாம் பேசினாள். செப்டம்பருக்குள் முடி வளர்ந்துவிடும், ரெட்டைச் சடை போடலாம், வெள்ளை ரிப்பன் வாங்கி வை அக்கா என்றாள். எசென்குல்கூட ஒருநாள் கடைக்கு வந்து புத்தகப்பை விலை விசாரித்துவிட்டுப் போனான். ஊர்க்காரர்கள் கேலியை நிறுத்திவிட்டார்கள். ஆர்த்திக் கதை வீடு வீடாகப் போயிருந்தது. "குதிரைதானே சரி, பின்னே காக்காவா?" என்று கிழவர்கள் அந்தக் குழுவையே முட்டாள் ஆக்கிக்கொண்டிருந்தார்கள்.

மே மாதம் நாரினில் குழு கூடிய அன்று, நானும் காலிபாவும் காலையிலேயே போய் வாசலில் நின்றோம். விடுதி ஆயா துமாரைப் பஸ்ஸில் கூட்டி வருவதாக ஏற்பாடு. பஸ் தாமதம். அவர்கள் வந்து சேர்ந்தபோது உள்ளே பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறு மாதமாகப் பார்க்காத மகளை காலிபா வாரி அணைத்து நெற்றியை முகர்ந்தாள். அதற்குள் ஆயா கையைப் பிடித்து இழுத்தாள். காலிபாவுக்குக் கிடைத்தது ஒரு மூச்சு நேரம். அதில் சொன்னாள்:

"கண்ணு, போன தடவை மாதிரியே எல்லாத்துக்கும் நல்லா பதில் சொல்லணும், என்ன?"

துமார் அம்மாவை அண்ணாந்து பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். கதவு திறந்தது.

நான் உள்ளே சுவரோரமாக உட்கார்ந்தேன். மேஜைக்குப் பின்னால் நினா, மருத்துவர், குல்பாரா. அதே அட்டைகள். குல்பாரா ஒவ்வொரு சொல்லையும் அளந்து கேட்டாள்: பாரு, இதுல எது மத்ததோட சேராது? என் பிள்ளைகளிடம் நான் கேட்டிருந்தால்கூட அவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்க மாட்டேன். துமாரின் கண் காக்கையின் மேல் போய் நின்றதை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த அட்டை. அதற்கும் பதில் இல்லை. கட்டைகளைக் கொடுத்து அடுக்கச் சொன்னார்கள், தொடவில்லை. உன் பேர் என்ன என்றார்கள், அதற்கும் பேச்சில்லை. நினா மேஜையைச் சுற்றி வந்து அவள் பக்கத்தில் மண்டியிட்டு, தனக்குத் தெரிந்த நாலு கிர்கிஸ் சொற்களை வைத்துக் கெஞ்சினாள். துமார் உதட்டை உள்ளே இழுத்துப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. வாய் திறந்தால் பரிசோதனையே செல்லாது என்று எச்சரித்திருந்தார்கள், நானும் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் மருத்துவர் பேனாவை எடுத்தார். ரஷ்ய மொழியில் பேசினார், எனக்குப் புரியாது என்று நினைத்திருப்பார். "போன வருஷம் தப்பாவாவது பதில் சொன்னா. இப்ப அதுவும் போயிடுச்சு. வார்த்தை மேல பழி போட்டு என்ன பிரயோஜனம், நினா?" என்றார். நினா அரை மணி நேரம் கொடுக்கலாமா என்று கேட்டாள். வெளியே இன்னும் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்றார். அந்தப் பள்ளியிலேயே தொடரட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நினாவும் போட்டாள், கடைசியாக.

கதவைத் தாண்டியதும் துமார் பறந்தாள். ஓடிப்போய் காலிபாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, நான் ஒண்ணுமே சொல்லலை. எவ்வளவோ கேட்டாங்க, வாயே தொறக்கலை. காக்கான்னு தெரியும், ஆனா சொல்லலை."

காலிபாவுக்கு முதலில் புரியவில்லை. "ஏன்டி? ஏன் சொல்லலை?" என்றாள்.

"பதில் சொன்னாத்தானே கூட்டிட்டுப் போவாங்க? அப்பாதானே சொன்னாரு. நீ மறந்துட்டு மறுபடி சொல்லச் சொன்னே. நான் மறக்கலை."

நான் திரும்பி உள்ளே ஓடினேன். அடுத்த பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அவன் இருக்கிறான் என்றும் பாராமல் எல்லாவற்றையும் கொட்டினேன். தெரிந்துதான் இருக்கிறது, காக்கை என்று வெளியே சொல்கிறாள், வீட்டைவிட்டு மறுபடி அனுப்பிவிடுவீர்கள் என்ற பயத்தில் வாயைக் கட்டியிருக்கிறாள் என்றேன். நினா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். மருத்துவர் என்னைக் கோபிக்கவில்லை. இந்த வாசலில் ஒவ்வொரு தாயும் இதைத்தான் சொல்கிறாள், வெளியே நன்றாகப் பேசுகிறாள், உள்ளேதான் பேசவில்லை என்று. அதை எழுத எங்களுக்கு இடம் கிடையாது என்றார். அடுத்த மே மாதம் கூட்டி வாருங்கள் என்றார்.

நான் வெளியே வந்தபோது ஆயா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று காலிபாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளும் பாவம், அவளுக்கு வேறு பிள்ளைகள் காத்திருந்தார்கள். காலிபா என் முகத்தைப் பார்த்தாள், நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். அவள் மகளுடைய கோட்டுப் பொத்தானைப் போட ஆரம்பித்தாள். மேல் பொத்தான் ஓட்டைக்குள் போகவே இல்லை. ஆயா குனிந்து அதைப் போட்டுவிட்டு, துமாரின் கையைப் பிடித்தாள்.

துமார் ஒரு அடி போனாள். பிறகுதான் எந்தப் பக்கம் கூட்டிப்போகிறார்கள் என்று அவளுக்கு விளங்கியது. இந்த முறை கத்தவில்லை. ஏதோ கணக்குத் தவறிவிட்டது, சொன்னால் சரிசெய்துவிடுவார்கள் என்பதுபோல் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான்தான் ஒண்ணும் சொல்லலையே அம்மா" என்றாள்.